முப்பத்தாறும் இருபத்தேழும்

ஜெர்சிக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால், அவர்கள் ஜெர்சியைப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம். வல்லம் வடகாலில் கார் பிரேக்குக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனியில், பதினோரு வருடமாக அளவு அறையில் வேலை. தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடித்து, இது போகலாம், இது போகக் கூடாது என்று ஒட்டுச்சீட்டு ஒட்டுகிறவள். அப்பேர்ப்பட்டவள், சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, இரண்டே இரண்டு எண்களை வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தாள்.

காலையில் முப்பத்தாறு. மாத்திரை போட்ட பிறகு இருபத்தேழு.

பக்கத்தில் அவள் புருஷன் மைக்கேல்ராஜ் உட்கார்ந்திருந்தார். வயது நாற்பத்தொன்பது. அதே கம்பெனியில் ஒரு காலத்தில் லைன் லீடர், அறுபது பேரை மேய்த்தவர். பார்க்கின்சன் வந்து ஏழு வருடம் ஆகிறது. மூன்று வருடமாக டூல் ஸ்டோரில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். ஸ்பானர் கேட்டால் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கே இப்போதெல்லாம் கை வர மறுக்கிறது. மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் உடம்பு இளகும், அப்புறம் திரும்ப இறுகிக்கொள்ளும். அந்தக் கொஞ்ச நேரம் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தது. மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து, நெஞ்சில் ஒரு பேட்டரி வைத்து ஓர் ஆபரேஷன் செய்தால் நாளெல்லாம் இளகியே இருக்கலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அதற்குத்தான் இந்தப் பரீட்சை.

பரீட்சை இப்படி. முந்தின நாள் இரவு எட்டு மணியோடு மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். காலையில் இறுகிப் போன உடம்பை டாக்டர் தலை முதல் கால் வரை முப்பத்துமூன்று விதமாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மார்க் போடுவார். பூஜ்யம் என்றால் நன்றாக இருக்கிறது, நான்கு என்றால் ரொம்ப மோசம். பிறகு மாத்திரை கொடுத்து, ஒரு மணி நேரம் விட்டு, திரும்ப முதலிலிருந்து மார்க். இரண்டாவது கூட்டுத்தொகை முதலாவதை விட மூன்றில் ஒரு பங்காவது குறைந்திருக்க வேண்டும்.

"நாலுல ஒரு பங்குதான் குறைஞ்சிருக்கும்மா," என்றார் பெரிய டாக்டர் ரகுபதி. "மாத்திரைக்கு நல்லாக் கேக்கற உடம்புக்குத்தான் ஆபரேஷனும் நல்லாக் கேக்கும். இப்போதைக்கு வேணாம். ஒரு வருஷம் கழிச்சுப் பாப்போம்."

"இன்னா ஜெர்சி, பெயிலா?" என்றார் மைக்கேல்ராஜ், வெளியே வந்ததும். அவர் முகத்தில் வருத்தமும் தெரியாது, சந்தோஷமும் தெரியாது. முகமே அப்படி ஆகிவிட்டது, என்ன செய்ய.

"ரொம்பப் பெயில் இல்ல. கொஞ்சம்தான்," என்றாள் ஜெர்சி. சொல்லும்போதே அவளுக்குள் ஏதோ உறுத்தியது. காகிதத்தைத் திரும்பப் பார்த்தாள். காலை முப்பத்தாறுக்குக் கீழே டாக்டர் ஜயஸ்ரீ என்று கையெழுத்து. இருபத்தேழுக்குக் கீழே டாக்டர் ரகுபதி. ஜயஸ்ரீ சின்ன டாக்டர். நடுவில் வார்டிலிருந்து கூப்பிட்டார்கள் என்று ஓடிவிட்டாள். ஆக, முதல் அளவு ஓர் ஆள், இரண்டாவது அளவு வேறு ஆள்!

ஜெர்சிக்கு உச்சந்தலை வரை ஏறியது. அளவு அறையில் இப்படி யாராவது செய்தால் அன்றைக்கே அந்த அளவுச் சீட்டைக் கிழித்திருப்பாள். ஆளை மாற்றிவிட்டு, அளவு மாறிப்போச்சு என்றால் எப்படி? மாறினது பாகமா, அளந்தவரா?

வீடு இருக்கிற மண்ணூருக்கு வந்து சேரும் வரை பஸ்ஸில் அதே நினைப்பு. மைக்கேல்ராஜ் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் டீ இடைவேளையில் லோகேஷிடம் கொட்டித் தீர்த்தாள். லோகேஷ் அளவு அறையில் அவளுக்கு அடுத்த மேஜைக்காரன், முப்பது வயது, எதையும் சிரித்துக்கொண்டே கேட்பான்.

"இதுல இன்னாக்கா கீது? நம்ம கஸ்டமர் சந்தேகப்பட்டா நாம இன்னா பண்றோம்? கேஜ் ஸ்டடி போட்றோம். போட்ருங்க," என்றான்.

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் ஜெர்சி பிடித்துக்கொண்டாள். கேஜ் என்றால் அளவுக் கருவி; ரொம்ப நாள் ஓடினால் அதைக் காலிபரேஷனுக்கு, அதாவது சரிபார்த்துத் திருத்த, அனுப்புவார்கள். கேஜ் ஸ்டடி என்பது அவர்களுக்குத் தினசரிச் சோறு. ஒரே பத்துப் பாகத்தை மூன்று பேர் அளக்க வேண்டும். ஒருவர் எழுதியது அடுத்தவருக்குத் தெரியக் கூடாது. வரிசையைக் கலைத்துக் கலைத்து ஆளுக்கு மூன்று முறை. கடைசியில் கூட்டிப் பார்த்தால், தப்பு பாகத்திலா, கருவியிலா, கருவியைப் பிடித்த கையிலா என்று சொல்லிவிடலாம். பிரேக் பாகத்துக்குச் செய்கிறோம். கட்டின புருஷனுக்குச் செய்தால் என்ன?

செய்தாள். சத்தியமாகச் செய்தாள். பத்து நாள், தினமும் காலை ஆறரைக்கு, ஏழு மணி மாத்திரைக்கு முன்னால், மைக்கேல்ராஜை நாற்காலியில் உட்கார வைத்து போனில் படம் பிடித்தாள். விரலைத் தட்டச் சொன்னாள், கையை மூடித் திறக்கச் சொன்னாள், குதிகாலைத் தட்டச் சொன்னாள், எழுந்திருக்கச் சொன்னாள், வாசல் வரை நடந்து திரும்பச் சொன்னாள். ஐந்து வேலை, ஒவ்வொன்றுக்கும் நான்கு மார்க், மொத்தம் இருபது.

"ஏண்டி, நான் இன்னா சினிமாலயா நடிக்கிறேன்?" என்பார் அவர். ஆனாலும் செய்வார். செய்யும்போது அவருடைய வலது கால் பெருவிரல் மட்டும் தன் பாட்டுக்கு நெளிந்துகொண்டே இருக்கும். "தோ, மாதா கோயில் டிரம்ஸ் ஆரம்பிச்சிட்டாரு," என்று ஜெர்சி கிண்டல் செய்வாள். காலையில் அது தினமும் உண்டு.

படங்களுக்கு மார்க் போட மூன்று பேர். ஜெர்சி, லோகேஷ், அப்புறம் கம்பெனி வேன் ஓட்டுகிற அவள் தம்பி பென்சன். பென்சனால் முதல் சுற்று நாசமானது. "மாமா சோக்கா நடந்தாரு, அதான் நாலு போட்டேன்," என்றான். நான்கு என்றால் மோசம்டா தடியா என்று தலையில் அடித்துக்கொண்டு, திரும்ப முதலிலிருந்து போட வைத்தாள்.

முடிவு என்ன தெரியுமா? மூன்று பேரும் கிட்டத்தட்ட ஒரே மார்க். ஆறு, ஏழு, ஆறு, ஐந்து, ஏழு. பத்து நாளும் அப்படியே. ஒரு வேன் டிரைவர் போடுகிற மார்க்கும், அளவு அறைக்காரி போடுகிற மார்க்கும் ஒட்டிப் போகிறது. இதைச் சோதித்துக் காட்டியாகிவிட்டது. படித்த டாக்டர்கள் இரண்டு பேர் போடுகிற மார்க் ஒட்டுமா என்று யார் சோதித்தது? ஜெர்சி காகிதங்களை ஒரு பைலில் போட்டாள், அரை நாள் லீவு சொன்னாள், ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். மைக்கேல்ராஜுக்கு முதல் ஷிப்ட். அவரிடம் சொல்லவில்லை.

ரகுபதி டாக்டர் கோபக்காரர் இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அவள் கொண்டுவந்த அட்டவணையை ஒரு வரி விடாமல் படித்தார். ஜயஸ்ரீயையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"நீங்க கேக்கறது நியாயம்தாம்மா," என்றார். "ஒரே ஆள் ரெண்டு தடவையும் பாத்திருக்கணும், அது எங்க தப்பு. ஆளுக்கு ஆள் மாறும். நடுக்கம், நடை இதுல அவ்வளவா சண்டை வராது. முகம் எவ்வளவு வாடியிருக்கு, பேச்சு எவ்வளவு கொழகொழன்னு இருக்குங்கறதுல வரும். நானே காலைல ரெண்டு போட்டுட்டு சாயங்காலம் அதே ஆளுக்கு ஒண்ணு போடுவேன்."

"அப்ப எப்பிடி சார் இத வெச்சு ஒரு மனுசனோட தலையில கம்பி வெக்கலாம், வெக்கக் கூடாதுன்னு சொல்றீங்க?"

கேட்டாளே ஒரு கேள்வி! ஜயஸ்ரீ அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். ரகுபதி சிரித்தார்.

"ஒவ்வொண்ணுலயும் அரை, ஒண்ணு முன்னப்பின்ன இருக்கும். முப்பத்துமூணையும் கூட்டினா ஓரளவு சரியா வந்து நிக்கும். நம்பலைன்னா இங்கயே பாத்துடலாம். அன்னிக்குப் பரீட்சைய வீடியோ எடுத்திருக்கோம். காலைல எடுத்ததை நான் இன்னும் பாக்கலை. ஜயஸ்ரீ போட்ட மார்க் எனக்குக் காட்டாதீங்க. கையால தொட்டுப் பாக்கறதை விட்டுட்டு மத்ததுக்கு நான் போடறேன்."

போட்டார். இருபது நிமிஷம் ஆனது. அவருடைய கூட்டல் முப்பது. அதே இடங்களுக்கு ஜயஸ்ரீ அன்றைக்குப் போட்டது முப்பத்தொன்று.

கருவி சரி. பிடித்த கையும் சரி. வீட்டில் மூன்று பேர் போட்டதும் ஒட்டுகிறது, இங்கே இரண்டு பேர் போட்டதும் ஒட்டுகிறது. அப்புறம் எங்கேதான் ஓட்டை? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கம்ப்யூட்டர் திரையில், நிறுத்தி வைத்த படத்தில், மைக்கேல்ராஜ் உட்கார்ந்திருந்தார். அவர் வலது கால் படத்தின் ஓரத்தில் தெரிந்தது.

"சார், அத இன்னொரு வாட்டி ஓட்டுங்க."

ஓட்டினார்கள். பெருவிரல் நெளிந்தது. டிரம்ஸ்.

"அதுவா? மாத்திரை இல்லாதப்ப சிலருக்கு விரல் மடங்கி இழுக்கும்மா. நான் அப்படித்தான் நினைச்சேன்," என்றாள் ஜயஸ்ரீ.

"மாத்திரை போட்டதுக்கப்பறம் எடுத்ததையும் காட்டுங்க மேடம்."

காட்டினார்கள். அதே விரல், அதே நெளிவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டார் ரகுபதி.

"இது இழுப்பு இல்ல ஜயஸ்ரீ," என்றார் அவர் மெதுவாக. "இழுப்பா இருந்தா விரல் மடங்கி நின்னுடும், வலிக்கும். இது நெளியுது. மாத்திரை நல்லா ஏறியிருக்கறப்ப வர்ற நெளிவு. ஏம்மா, அன்னிக்குக் காலைல அவர் மாத்திரை போடலைன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"நான் கூடவேதான் சார் இருந்தேன்!" என்று சீறினாள் ஜெர்சி. சீறின வாய் மூடுவதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு ஆறே முக்காலுக்கு ஆஸ்பத்திரிக் கழிவறைக்குப் போனவர், வெளியே வர கால் மணி நேரம். உடம்பு இறுகியிருக்கிறது, பாவம் என்று நினைத்து அவள் வாசலில் காத்திருந்தாள்.

அதோடு முடிந்ததா? வீட்டுப் படம் பத்திலும் அந்த விரல் நெளிகிறது. அதுவும் ஏழு மணி மாத்திரைக்கு முன்னால். அப்படியானால் அவள் பத்து நாளாக அளந்தது எதை?

அவள் வேலை செய்கிற அறையில் எப்போதும் இருபது டிகிரிதான். மிஷினிலிருந்து சூடாக வருகிற பாகத்தை அப்படியே அளக்கக் கூடாது. கொஞ்ச நேரம் அறையில் போட்டு ஆறவைத்து, தன் இயல்புக்கு வந்த பிறகுதான் கருவியைத் தொட வேண்டும். புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு அவள் சொல்லித் தருகிற முதல் பாடம் அது. ஆளைச் சந்தேகப்பட்டாள், கருவியைச் சந்தேகப்பட்டாள். பாகம் சூடாக வந்து நின்றதை மட்டும் பார்க்கவில்லை.

"பேசிட்டு வரேன் சார்," என்று பைலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மூன்றரைக்கு ஷிப்ட் முடிகிறபோது கம்பெனி கேட்டுக்கு எதிரே நின்றாள். கும்பல் கும்பலாக ஆட்கள் வேன் ஏறிப் போனார்கள். கடைசியில் மைக்கேல்ராஜ் வந்தார், சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குட்டிக் குட்டி எட்டு வைத்து. அவளைப் பார்த்ததும் நின்றார்.

"இன்னா, ஆஸ்பத்திரிக்குப் போனியா? லோகேஷ் சொன்னான்."

கேட்டுப் பக்கத்து பேக்கரியில் உட்கார வைத்தாள். இரண்டு டீ சொன்னாள். அவருடையதைப் பாதி கிளாஸ் ஊற்றச் சொன்னாள், சிந்தாமல் இருக்க. கேட்கிற விதத்தையெல்லாம் வழியில் யோசித்து வைத்திருந்தாள். எல்லாம் மறந்துவிட்டது.

"பரீட்சை அன்னிக்கு மாத்திரை போட்டீங்களா இல்லியா?"

அவர் டீயைப் பார்த்தார்.

"போட்டேன்," என்றார்.

"ஏங்க? ஏன்? டாக்டரு அத்தினி வாட்டி சொன்னாரே, போடக் கூடாதுன்னு!"

"நீ இன்னா புதுசா கேக்கற? பத்தொம்பது வருசம் லைன்ல இருந்தவன் நானு. ஆடிட் வருதுன்னா எவனாவது ரிஜெக்ட் பெட்டிய வெளியில வெப்பானா? தரைய தொடச்சு, கோடு அடிச்சு, நல்ல பாகமா பாத்து மேல வெச்சாத்தான நமக்குப் பேரு. டாக்டரு பேப்பர் பேனாவோட வராரு, நாலு பேரு நின்னு பாக்கறாங்க, கேமரா வேற. நான் போய் கட்டையாட்டம் ஒக்காந்தா ஆபரேசன் குடுப்பாங்களா? இவன் தேற மாட்டான்னு எழுதிடுவாங்கன்னு நெனச்சேன்."

ஜெர்சிக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. "அட என் மாதாவே! இதுல மார்க் மோசமா வந்தாத்தாங்க பாசு! மொதல்ல எவ்ளோ மோசமா இருக்கீங்களோ அவ்ளோ நல்லது!"

"அது எனக்கு இன்னாடி தெரியும்? எந்த ஆடிட்ல அப்பிடி கீது?"

நியாயமான கேள்விதான். டீயை ஒரு வாய் குடித்தாள். அடுத்ததைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் கேட்டாள்.

"வூட்டுல? காலைல ஆறரைக்கு நான் படம் புடிக்கச்சொல்ல, அப்பவும் போட்டுட்டுத்தான் ஒக்காந்தீங்களா? அது இன்னா ஆடிட்டு?"

மாத்திரை இறங்குகிற நேரம். வாய் வார்த்தையைத் தேடித் தேடி எடுத்தது.

"ஏழு மணி மாத்திரைய நான் அஞ்சேகாலுக்கே போட்டுடுவேன். தலகாணி உறைக்குள்ள வெச்சிருப்பேன். ஏழு மணிக்கு நீ பாக்கச்சொல்ல, மாத்திரை போடற மாதிரி வெறும் தண்ணி குடிப்பேன்."

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருசம் இருக்கும்."

"ரெண்டு வருசமா! அப்ப பதினோரு மணி மாத்திரை வரைக்கும் இன்னா பண்ணுவீங்க? ஒம்போது மணிக்கே எறங்கிடுமே?"

"டூல் ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால எவன் பாக்கப் போறான்? ஸ்பானரு எங்க கீதுன்னு கண்ணால காட்டுவேன், அவனுங்களே எடுத்துக்குவானுங்க." கொஞ்சம் நிறுத்தினார். "நீ ஆறு மணிக்கு எந்திரிக்கற. அப்ப நான் மனுசனா இருக்கணும்ல, ஜெர்சி."

ஏழு வருடமாக இந்த நோயோடு ஒரே வீட்டில் குடித்தனம் செய்கிறாள். ஒவ்வொரு அசைவையும் அளந்து எழுதி, கூட்டி, சராசரி எடுத்தவள். இரண்டு வருடமாக அவருடைய காலைநேரத்தை அவள் பார்க்கவே இல்லை. பார்த்ததெல்லாம் மாத்திரையை.

"டாக்டரு திருப்பி வெப்பாரு பரீட்சைய. நான் கேக்கறேன்," என்றாள். "ஆனா நான் கூட இருப்பேன். சரியா?"

அவர் தலையசைத்தார் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். தலை எப்போதும் ஆடிக்கொண்டிருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஜயஸ்ரீ போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பெருமூச்சு விட்டு, மூன்றாவது வாரத்தில் ஒரு தேதி கொடுத்தாள். "இந்தத் தடவை ரெண்டு வேளையும் நானே பாக்கறேன். இன்னொண்ணு. வீட்டை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி உங்க அஞ்சு ஐட்டத்துக்கும் நீங்க ஒரு மார்க் போட்டுட்டு வாங்க. எங்களோடது ஒட்டுதான்னு பாக்கலாம்," என்றாள். கிண்டலா, நிஜமா? ஜெர்சிக்குப் புரியவில்லை. நிஜமென்றே வைத்துக்கொண்டாள்.

அந்த நாள் காலை ஐந்தரைக்கு அவளே விழித்துக்கொண்டாள். மைக்கேல்ராஜ் மல்லாந்து கிடந்தார், கண் திறந்திருந்தது. புரண்டு படுக்கக்கூட முடியாமல் எத்தனை நேரமாக அப்படிக் கிடந்தாரோ. உதட்டோரத்தில் எச்சில் வழிந்திருந்தது. அதை அவர் துடைக்கப் பார்த்தார். கை போர்வைக்குள்ளிருந்து கிளம்பி பாதியிலேயே நின்றுவிட்டது.

"பாத்துட்டியா?" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பாத்துட்டேன். எந்திரிங்க, நேரமாவுது," என்றாள் ஜெர்சி, அன்றாடம் சொல்கிற மாதிரியே. எப்படியோ நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்து, பேனாவை எடுத்தாள்.

விரலைத் தட்டினார். மூன்று தட்டு, அப்புறம் ஒட்டிக்கொண்டது.

"எவ்ளோ?" என்றார்.

"ரெண்டு."

"பொய் சொல்லாத. ஆடிட்டு இல்லன்னு நீதான சொன்ன? இருக்கறதப் போடு."

"இருக்கறதத்தாங்க போடறேன்," என்றாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள். கைக்கு இரண்டு, குதிகாலுக்கு இரண்டு. எழுந்திருக்கச் சொன்னாள். கொஞ்சம் சிரமப்பட்டாலும் எழுந்துவிட்டார், அதனால் ஒன்று. நடைக்கு இரண்டு. மொத்தம் ஒன்பது. மாத்திரை போட்ட நாளில் ஆறோ ஏழோ. பரவாயில்லை, பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றியது. ஆனால் வித்தியாசம் இல்லையென்றால் ஆபரேஷன் இல்லை. அப்படியானால் படுக்கையில் அவள் பார்த்தது எந்தக் கணக்கில் சேரும்? குழம்பிப்போய் காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள்.

பென்சன் காரில் கொண்டுபோய் விட்டான். எட்டு மணிக்கு அதே அறை, அதே கேமரா. ஜயஸ்ரீ ஒரு பக்கம், ரகுபதி ஒரு பக்கம், ஆளுக்கு ஒரு காகிதம். ஒருவரை ஒருவர் எட்டிப் பார்க்கவில்லை. ஜெர்சி மைக்கேல்ராஜின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். கழிவறைக்குக்கூட இன்றைக்கு அவளேதான் கூட்டிப்போனாள்.

விரல், கை, குதிகால் எல்லாம் முடிந்தது.

"கையை மார்ல கட்டிக்கிட்டு எழுந்திருங்க சார்," என்றாள் ஜயஸ்ரீ.

மைக்கேல்ராஜ் முன்னால் சாய்ந்தார்.

"அம்மா, நீங்க கைய எடுங்க," என்றார் ரகுபதி.

"நானா? நான் இன்னா சார் பண்ணேன்?" என்றாள் ஜெர்சி. பிறகு குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கை மைக்கேல்ராஜின் முதுகுக்குக் கீழே, பெல்ட்டுக்கு மேலே, உள்ளங்கை விரிந்து ஊன்றியிருந்தது. எப்போது போனது என்று அவளுக்குத் தெரியாது.

எடுத்தாள். இரண்டு எட்டு பின்னால் போய் நின்றாள். மைக்கேல்ராஜ் முன்னால் சாய்ந்து உந்தினார். இடுப்பு கொஞ்சம் கிளம்பி, திரும்ப விழுந்தது. இன்னொரு முறை. மூன்றாவது முறை. நான்காவது முறை நாற்காலியோடு சேர்ந்து ஆடினார், எழவில்லை. அறையில் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

"போதும் சார். நாலு," என்றாள் ஜயஸ்ரீ.

"நாலா? இல்ல மேடம்! காலைல வூட்டுல எழுந்தாரே! நான் பாத்தனே, ஒண்ணுதான் போட்டேன்!" ஜெர்சி ரவிக்கைக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

மைக்கேல்ராஜ் திரும்பிப் பார்க்க முயன்றார். கழுத்து வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வூட்டுலயும் உன் கை இருந்துச்சு ஜெர்சி. தெனம் இருக்கும். உனக்குத் தெரியலன்னுதான் நான் சொல்லல."

ரகுபதி அந்தக் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, மைக்கேல்ராஜைத் தூக்கி நிறுத்தி நடக்கவும் வைத்துப் பார்த்த பிறகு பிரித்தார். அவள் போட்டது ஒன்பது. அதே ஐந்துக்கு அவர் போட்டது பதினைந்து, ஜயஸ்ரீ போட்டது பதினாறு. அவர் காகிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தார்.

"இந்த கேஜ்ஜ காலிபரேசனுக்கு அனுப்பிடுங்க டாக்டர். ரொம்ப நாள் யூஸ் பண்ணிட்டேன்," என்றார் மைக்கேல்ராஜ். ஜயஸ்ரீ சிரித்தாள். ஜெர்சி சிரிக்கப் போய் அழுதுவிட்டாள்.

காலைக் கூட்டல் ஜயஸ்ரீ கணக்கில் ஐம்பத்தேழு. மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். பெருவிரல் மெல்ல நெளிய ஆரம்பித்ததை ஜெர்சிதான் முதலில் பார்த்தாள்.

திரும்பவும் விரல், கை, குதிகால். கூட்டல் இறங்கிக்கொண்டே வருவது ஜயஸ்ரீயின் முகத்திலேயே தெரிந்தது. இருபத்தைந்தில் வந்து நிற்கப்போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் மூன்றில் ஒரு பங்கென்ன, பாதிக்கு மேலேயே போய்விடும் போலிருந்தது.

"எழுந்திருங்க சார்."

மைக்கேல்ராஜ் மார்பில் கை கட்டிக்கொண்டு, ஒரே உந்தில், எழுந்து நின்றார். நின்று அவளைப் பார்த்தார்.

ஜெர்சி சட்டென்று தன் கைகளைத் தேடினாள். இரண்டும் அவளுக்குப் பின்னால்தான் இருந்தன, ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டு.